ஐஸ் பெட்டிக்குள் ஒரு எலி

பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் மீன் வாங்குகிறவர்கள் முதலில் செய்கிற காரியம், செவுளைத் தூக்கிப் பார்ப்பது. சிவப்பாக இருந்தால் விலை பேசுவார்கள். வெளுத்துப் போயிருந்தால், பெட்டி நிறைய ஐஸ் கொட்டி வைத்திருந்தாலும் அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவார்கள். ஐஸ் கெடுவதைத் தள்ளிப்போடும், கெட்டதைத் திரும்ப நல்லதாக்காது. கடற்கரையில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் இதே பாடத்தை, உலகத்தில் ஒரு கூட்டம் ரொம்பத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. அவர்களுடைய ஃப்ரீஸரில் இருந்தது மீன் அல்ல, எலி! வளர்ப்புப் பாம்புக்கான சாப்பாடு.

கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறதா? காரணம் இருக்கிறது. வயல்வெளியில் பாம்பு எலியைப் பிடிப்பது வேறு, கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டையும் அடைத்து வைப்பது வேறு. எலிக்கு ஓட இடமில்லை, பாம்புக்கும் ஒதுங்க இடமில்லை. பாம்புக்குப் பசி இல்லாத நாளாக இருந்தால் எலி அதைக் கடித்துக் குதறிவிடும். அதனால்தான் அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில், உணவுக்காகவே வளர்த்துக் கொன்று உறைய வைத்த எலிகளைக் கடைகளில் விற்கிறார்கள். முடி முளைக்காத குட்டியிலிருந்து பெரிய எலி வரை அளவு வாரியாகக் கிடைக்கும். பாம்பின் உடம்பில் மிகத் தடிமனான இடம் எவ்வளவோ, அந்த அளவு எலி போதும் என்பது பொதுவான கணக்கு.

நம் ஊரில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நல்ல பாம்பு, சாரை, கண்ணாடி விரியன் என்று நம் மண்ணின் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் போன்ற வெளிநாட்டுப் பாம்புகள் இங்கேயும் வந்துவிட்டன. 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், மலேசியாவிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புகள் இருந்தன. 2022இல் சட்டத்தைத் திருத்தி, 2024இல் தனி விதிகளும் கொண்டுவந்து, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. பாம்பு வீட்டுக்குள் வந்தால் அதன் சாப்பாடும் பின்னாலேயே வரும். பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒரே ஒரு ஃப்ரிட்ஜ். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2008 முதல் பிரிட்டனில் சால்மொனெல்லா நோய் பலருக்கு வந்தது. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் கணிசமானோர் குழந்தைகள். என்ன சாப்பிட்டார்கள் என்று தோண்டிப் பார்த்தால் பொதுவாக எதுவும் இல்லை. கடைசியில் பிடிபட்டது, பாம்புக்காக அமெரிக்காவிலிருந்து வந்த உறைந்த எலி! 2010இல் அமெரிக்காவிலும் இதே கதை. 2014இல் மறுபடியும் ஒருமுறை.

கல் மாதிரி உறைந்து கிடக்கிற எலியில் கிருமி எப்படி என்று தோன்றும். மைனஸ் 18 டிகிரியில் சால்மொனெல்லா பெருகுவதில்லை, அவ்வளவுதான். கணிசமான கிருமிகள் சாகாமல் காத்துக் கிடக்கும். எலி இளகியதும் எழுந்துகொள்ளும். கறியிலும் மீனிலும் இருக்கிற கிருமியை நாம் அடுப்பில் வைத்துக் கொன்றுவிடுகிறோம். பாம்புக்கு யாரும் குழம்பு வைப்பதில்லை. எலி பச்சையாகவே போகிறது. போகிற வழியில் கை, தட்டு, சிங்க் தொட்டி, குழாய்த் திருகு என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போகிறது. போதாததற்கு, பாம்பும் எந்த நோயும் காட்டாமலே இந்தக் கிருமியை வயிற்றில் சுமக்கக்கூடியது.

ஆகவே எலிக்குத் தனி ஃப்ரீஸர் வேண்டும். முடியாவிட்டால் மூடி இறுகிய தனி டப்பாவாவது வேண்டும். பழைய ஐஸ்கிரீம் டப்பா மட்டும் கூடவே கூடாது (திறக்கப் போவது யார் என்று யோசித்துப் பாருங்கள்). முந்தின இரவே பையோடு, டப்பாவோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக வைக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் பையோடு வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் உடல் சூடு வரும், பாம்பு எலியென்று உணர்ந்து எடுக்கும். நடுவில் உறைந்தே இருந்தால் விழுங்கிய பாம்பு கக்கிவிடலாம். மைக்ரோவேவ் வேண்டாம். ஓரிடம் வெந்து ஓரிடம் பச்சையாக நிற்கும், சமயத்தில் வெடித்தும் போகும். கொடுக்க நீண்ட இடுக்கி. வெந்நீர் வைக்க, சமையலுக்கு எடுக்காத தனிப் பாத்திரம். அந்தத் தண்ணீர் போவது கழிப்பறைக்கு, சமையலறைத் தொட்டிக்கு அல்ல. பாம்பு வேண்டாம் என்று விட்ட எலியை மறுபடி உறைய வைக்கக் கூடாது, தூக்கிப் போட வேண்டியதுதான். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் இந்த வேலை நடக்கிற பக்கமே வரக் கூடாது.

காசு மிச்சம் என்று வயலில் செத்துக் கிடக்கிற எலியை எடுத்து உறைய வைப்பது இன்னும் மோசம். அது மருந்து தின்று செத்திருக்கலாம். எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். ஃப்ரீஸருக்கு விஷத்தை எடுக்கத் தெரியாது.

இவ்வளவு பாடும் எதற்கு? ஒரு பாம்பும் ஒரு எலியும் வீட்டுக்குள் சந்திப்பதற்கு. திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கத்து வயல் வரப்புகளில் இதே சந்திப்பு ஃப்ரீஸர், இடுக்கி, சோப்பு எதுவும் இல்லாமல் காலங்காலமாக நடக்கிறது. சாரைப் பாம்பு எலி வளைக்குள் தலையை விடுகிறது. விவசாயிக்குக் கொஞ்சம் நெல் மிஞ்சுகிறது.

பாம்பு மேல் ஆசை வந்தவர்கள் அதையும் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் வீட்டில் வளர்க்கத்தான் வேண்டும் என்றால், பதிவு எங்கே செய்வது என்று கேட்பதோடு சேர்த்து இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்வது நல்லது: இந்த வீட்டு ஃப்ரிட்ஜை யார் யார் திறக்கிறார்கள்?