கம்மா அழிக்கிற நாள்

பத்திரிகைகளில் 'மீன்பிடித் திருவிழா' என்று போடுகிறார்கள். எங்கள் அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்தில் அதற்குப் பெயர் 'கம்மா அழிக்கிறது'. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த கண்மாய், வயலுக்குப் பாய்ந்தது போக, சித்திரை, வைகாசியில் முழங்கால் அளவுக்கு வற்றிவிடும். புதுக்கோட்டை மாவட்டத்தில் இப்படி 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்கள் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் நாள் குறித்ததும், முன்பெல்லாம் தண்டோரா, இப்போது செல்போன். விடிவதற்குள் சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் கரையில் நிற்கும். ஒரு பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், கண்மாயே கலங்கிவிடும்!

ஊத்தா பார்த்திராத சகோதரிகளுக்குச் சொல்கிறேன். மூங்கில் குச்சியில் பின்னிய அடியில்லாத கூடை. கீழே அகலம், மேலே குறுகல். சேற்றில் குத்தி அமுக்கி, உள்ளே மீன் முட்டினால் மேல்வாய் வழியே கையை விட்டுப் பிடிக்க வேண்டும். கெண்டை, கெளுத்தி, குரவை, விரால் எது கிடைத்தாலும் விற்கக் கூடாது. வீட்டுக்கு வீடு குழம்பு கொதித்தால்தான் மழை நன்றாகப் பெய்யும் என்பார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அங்கே சின்ன ஏரிகளில் போட்டி நடக்கிறதாம். கயாக் என்கிற ஒற்றை ஆள் படகில் போய், பாஸ் என்ற மீனைத் தூண்டிலில் பிடித்து, அளவுப் பலகையில் வைத்துப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். நீளத்தைக் கூட்டிப் பரிசு! என் மாமியார் பார்த்துவிட்டு, "அப்ப கொழம்புக்கு?" என்றார்.

அத்தைக்கு எல்லாமே குழம்புதான். ஆனால் அதிலும் ஒரு முறை வைத்திருந்தார். தண்ணீரில் இறங்க ஆள் இல்லாத வீட்டுக்கு, பிடித்தவர்கள் போகிற வழியில் இரண்டு மீன் போட்டுவிட்டுப் போக வேண்டும். மாமனார் இருந்தவரை அப்படித்தான் போட்டாராம். என் கணவர் வெளிநாடு போன பிறகு, வாங்கிக்கொள்கிற வீடாக நாங்கள் ஆனோம். இரண்டு வருஷம் மீன் வந்தது. மூன்றாம் வருஷம் அத்தை அரிவாள்மணையும் சாம்பலும் எடுத்துவைத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பைக்குகளில் பை பையாக மீன் எங்கள் வாசலைத் தாண்டிப் போயிற்று. யாரும் நிற்கவில்லை. இப்போதுதான் எல்லார் வீட்டிலும் ஃபிரிட்ஜ் இருக்கிறதே! பத்து மணிக்கு அத்தை அரிவாள்மணையை மடக்கி உள்ளே வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வருஷம் பரணிலிருந்து மாமனாரின் ஊத்தாவை இறக்கினேன். "பொம்பளைப் புள்ளை ஊத்தா குத்துறதா?" என்று கரையில் இரண்டு பேர் சிரித்தார்கள். கொசுவலையோடு ஓரத்தில் நின்ற பெண்கள் சிரிக்கவில்லை, இடம் விட்டார்கள். மூன்று கெண்டை, ஒரு கெளுத்தி, கடைசியாக முழங்கை நீளத்தில் ஒரு விரால்!

கெளுத்தி கையில் குத்தியும் விட்டது. அப்படிக் குத்தினால், பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரம் கையை வைத்திருங்கள், கடுப்பு குறையும். முள் உள்ளே தங்கினாலோ வீங்கினாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். கைக்குழந்தைக்காரிகள் கெண்டையை நம்ப வேண்டாம், பொடி முள் அதிகம். சின்னதுகளுக்கு விரால்தான் தோது. அதையும் விரலால் தடவிப் பார்த்தே ஊட்டுங்கள்.

விராலைச் சாம்பல் தொட்டுக் கல்லில் உரசி அத்தை துண்டு போட்டார். நடுத்துண்டு இரண்டைக் கிண்ணத்தில் எடுத்து, "எதிர்வீட்டு ஆத்தாவுக்குக் குடுத்துட்டு வா, தாயி. அதுக்கு யாரு இருக்கா?" என்றார்.

"நமக்கு, அத்தை?"

"தலையும் வாலும் கிடக்கே! புளியைக் கரை."

கை கடுத்துக்கொண்டே இருந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.