‘பேஸ் பத்தலை!’

மைக்செட் வண்டியிலிருந்து முதலில் இறங்கியது கடப்பாரை. மேடைக்குப் பின்னால், குழாயடித் தண்ணீர் ஓடி ஈரமாகக் கிடந்த இடமாகப் பார்த்து ஒரு பையன் குழி போட்டான். இரும்புக் குழாயை அடித்து இறக்கி, உப்பு போட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினான். குழாயின் தலையில் செம்புக் கம்பியை இறுக்கி, மறுமுனையை ஜெனரேட்டர் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். அவன் காட்டிய பயபக்தியைத் தூரத்திலிருந்து பார்த்தால் முகூர்த்தக்கால் நடுவது போலத்தான் இருந்தது.

மணப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மாரியம்மன் திருவிழா. அன்று இரவு திருச்சியிலிருந்து வரும் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. மேடையில் பேஸ் கிட்டார் வாசிப்பவரின் சத்தம் எந்த வழியாக ஊருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்க்க மதியமே போயிருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் மைக்செட் உரிமையாளர் சிரித்தார். “அப்ப எர்த்துலேருந்து ஆரம்பிங்க சார். கிட்டார் எல்லாம் அதுக்கப்புறம்தான்.”

அவர் குழாய் ஸ்பீக்கரும் ஆஹூஜா ஆம்ப்ளிஃபயரும் ரெக்கார்டு பிளேயருமாகத் தொழிலுக்கு வந்தவர். இப்போது மிக்சரில் உட்காருவது அவருடைய அக்கா மகன். சென்னையில் இரண்டு வருஷம் பெரிய சவுண்ட் கம்பெனி ஒன்றில் கேபிள் சுற்றிவிட்டு ஊர் திரும்பியவன். மாமனுக்கும் மருமகனுக்கும் அன்று முதல் தகராறு பேஸ் பெட்டியில்தான் வந்தது.

மொத்தம் மூன்று பேஸ் பெட்டி, ஒவ்வொன்றிலும் 18 அங்குல ஸ்பீக்கர். மாமனின் வழக்கம், மேடைக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் பிரித்து அடுக்கி வைப்பது. பார்க்க லட்சணமாக இருக்கும். மருமகன் மூன்றையும் மேடைக்கு முன்னால் நடுவில் ஒன்றாகச் சேர்த்தான். இரண்டு பக்கமும் பிரித்து வைத்தால் நட்டநடுவில் உட்கார்ந்தவனுக்கு நெஞ்சை அடைக்கும், நாலு அடி தள்ளி உட்கார்ந்தவனுக்கு ஒன்றுமே கேட்காது என்பது அவன் வாதம். இரண்டு பெட்டியின் அலைகளும் ஓரிடத்தில் சேர்ந்துகொள்கின்றன, இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இதுவரை மாமன் ஒத்துக்கொண்டார். அடுத்து அவன் நடுப் பெட்டியைத் தூக்கி முகத்தை மேடைப் பக்கம் திருப்பி வைத்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

“டேய், காசு குடுத்தவன் முன்னாடி உக்காந்திருக்கான். ஒரு பெட்டி அவனுக்கு முதுகைக் காட்டுதேன்னு கேப்பாண்டா!”

பையன் செய்தது உலகம் முழுக்கப் பெரிய மேடைகளில் செய்கிற வேலை. நாலு கம்பி பேஸ் கிட்டாரின் ஆகக் கீழ்ச் சுரம் வினாடிக்குச் சுமார் 41 அதிர்வு. காற்றில் அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். ஒரு மீட்டர் அகலப் பெட்டியால் அவ்வளவு நீள அலையை ஒரே திசையில் பிடித்து அனுப்ப முடியாது. முன்னால் போகிற அளவு பின்னாலும் போகும். பின்னால் இருப்பதோ பலகை மேடை. அது தானும் சேர்ந்து அதிரும். மேடையில் நிற்பவருக்கு ‘தும்தும்’ என்று ஒரு குமுறல் கேட்குமே தவிர, தான் எந்தச் சுரத்தைத் தொட்டோம் என்று தெரியாது. ஒரு பெட்டியைத் திருப்பி, அதன் துருவத்தை மாற்றி, சில மில்லிவினாடி தாமதம் கொடுத்தால் மேடைப் பக்கம் போகிற அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும், முன்பக்கம் சேர்ந்துகொள்ளும். மருமகன் இதையெல்லாம் மாமனுக்கு விளக்கவில்லை. “மாஸ்டர் கேட்டார் மாமா” என்று ஒரு பொய்யைப் போட்டு முடித்துக்கொண்டான்.

மாஸ்டர் என்றால் பேஸ் கிட்டார் வாசிப்பவர்தான். ஐந்து மணிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினார். முதுகில் உறையிட்ட கிட்டார், கையில் பால்கேன் தூக்குவது போல ஒரு சின்ன ஆம்ப். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பகலில் ஒரு டூவீலர் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் கணக்கு பார்க்கிறார். ஐந்து கம்பி பேஸ். உறையைத் திறந்து துணியால் கம்பிகளைத் துடைத்தார், சுருதி சேர்த்தார், ஜாக்கைப் பிடுங்கி வைத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து விளக்கினார்: “இது ஆக்டிவ் சார், உள்ள ஒம்பது வோல்ட் பேட்டரி இருக்கு. ஜாக் சொருகினாலே ஓட ஆரம்பிச்சுடும், வாசிக்கணும்னு இல்லை. மறந்து வச்சீங்கன்னா பத்து மணிக்கு டூயட் நடுவுல கரகரன்னு சாகும்.”

1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் ‘பிரிசிஷன் பேஸ்’ கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவரும்வரை இந்தக் கீழ்ச் சுரங்களுக்கு ஆளுயர டபுள் பேஸ்தான் பெரும்பாலும் கதி. கிட்டார் கைக்கு அடக்கமானது, சத்தத்துக்கான ஆம்ப் பெருத்துக்கொண்டே போனது. 1969இல் ஆம்பெக் கம்பெனி கொண்டுவந்த எஸ்.வி.டி. 300 வாட். அதன் பெட்டி ஒன்றில் பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு. அந்த வருஷத்து அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் அதைத்தான் எடுத்துப் போனார்கள். மாஸ்டரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, “படத்துல பாத்திருக்கேன். கண்டக்டர் லக்கேஜ் போட்டே என் பேமென்ட்டை முடிச்சுடுவாரு” என்றார்.

நம் ஊர் பேஸ் கலைஞர்களுக்கு அந்தப் பெட்டி தேவைப்படாததற்குக் காரணம் டி.ஐ. பாக்ஸ் என்ற கையகல இரும்பு டப்பா. கிட்டார் ஒயரை நேராக நூறு அடி தள்ளியிருக்கிற மிக்சருக்கு இழுத்தால் சத்தம் மங்கிப்போகும், வழியில் இரைச்சலும் ஏறிக்கொள்ளும். இந்த டப்பா சிக்னலை மைக் ஒயரில் போகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிறது. ஊருக்குக் கேட்பது முழுக்க இந்த வழியாகத்தான். மாஸ்டர் தூக்கி வந்த ஆம்ப் அவர் காதுக்கு மட்டும்.

அன்று அந்த ஆம்ப்தான் வம்பு செய்தது. ஜாக் சொருகியதும் மேடையிலும் பெட்டிகளிலும் ‘ம்ம்ம்’ என்று ஒரே ரீங்காரம். மாஸ்டர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, நாலாவது கம்பியில் மூன்றாவது கட்டையை அழுத்தி ஒரு தட்டு தட்டினார். ரீங்காரமும் சுரமும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டன.

“கரண்ட்டு ஜி-யில பாடுது சார். நமக்கு ஒரு நூல் மேல.”

கணக்கு அவ்வளவு துல்லியம். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. அந்தக் கட்டையில் வரும் ‘ஜி’ 49 அதிர்வு. பாடகருக்கும் புல்லாங்குழலுக்கும் ஹம் ஒரு தொல்லை, ஆனால் அவர்கள் சுரத்துக்கு வெகு கீழே கிடக்கும். பேஸ்காரருக்கு அது தன் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மிக்சரில் அதை வெட்டினால் அவருடைய ஜி-யும் கூடவே போகும். ஜெனரேட்டரில் பாரம் ஏறி இஞ்சின் வேகம் இறங்கினால் ஹம்மின் சுருதியும் இறங்கும் என்று மாஸ்டர் சொன்னபோது மருமகன் ஆமாம் என்று தலையாட்டினான்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மாஸ்டரின் ஆம்ப் சீரியல் செட்காரர்களின் போர்டில் சொருகியிருந்தது, அது இ.பி. லைன். மிக்சர் ஜெனரேட்டரில். இரண்டுக்கும் எர்த் வேறு வேறு, நடுவில் கிட்டார் ஒயர் பாலம். ஆம்ப்பை ஜெனரேட்டர் போர்டுக்கு மாற்றியதும் முக்கால்வாசி போனது. டி.ஐ. பாக்ஸின் பக்கத்தில் இருந்த ‘லிஃப்ட்’ சுவிட்சைத் தள்ளியதும் மீதியும் போனது.

உரிமையாளர் அந்தக் காலத்து வைத்தியத்தையும் சொன்னார்: மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்து எறிந்துவிடுவது. ஹம் நிற்கும். இன்றும் பல குழுக்களில் இது நடக்கிறது. நடக்கக் கூடாத காரியம். கிட்டார் கம்பிகள் ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்தவை. அந்த எர்த் அறுந்து, எங்காவது கசிவு இருந்து, வாசிப்பவரின் உதடு மைக்கைத் தொட்டால் மின்சாரம் ஆள் வழியாகப் போகும். 1972இல் வேல்ஸின் ஸ்வான்சி நகரில், ‘ஸ்டோன் த க்ரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே செத்துப்போனார். கடப்பாரை முதலில் இறங்கியதன் நியாயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சவுண்ட் செக்கில் மருமகன் செய்தது பெரும்பாலும் கழித்தல் வேலை. வெள்ளைக்கார ராக் பேண்டில் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்கள் இரண்டே பேர், கிக் டிரம்மும் பேஸும். நம் மெல்லிசை மேடையில் அங்கே பெரும் கூட்டம். தபேலாவின் இடதுபக்கம், டோலக், பேடில் பதிந்து வைத்த தவிலும் உறுமியும், டிரம்ஸின் கிக், எல்லாவற்றுக்கும் மேல் கீபோர்டுக்காரரின் இடதுகை. இத்தனை பேரும் ஒரே சமயத்தில் கீழே இறங்கினால் பேஸ் கிட்டார் இருக்கிற இடமே தெரியாது. பையன் டேப்லெட்டில் விரலை வைத்துப் பாடகர்களின் மைக்கில் நூறு அதிர்வுக்குக் கீழே வெட்டினான், புல்லாங்குழலில் அதற்கும் மேலே வெட்டினான். பேடின் கிக்கில் இருந்த நீண்ட வாலைச் சுருக்கினான். வெளியே கேட்கிற வித்தியாசம் ஆச்சரியமானது. மாஸ்டரின் சத்தத்தை அவன் தொடவே இல்லை, ஆனால் அவர் எங்கிருந்தோ வெளியே வந்து நின்றார்.

கீபோர்டுக்காரரிடம் போவதற்கு மட்டும் தயங்கினான். கடைசியில் மாஸ்டரே போய், “தம்பி, இடதுகையைக் கொஞ்சம் மேல வச்சுக்க” என்றார். சொல்லிவிட்டு என்னிடம் வந்து, “கம்மி பட்ஜெட் கச்சேரின்னா இந்த இடதுகைதான் சார் என் வேலையைப் பாக்குது. முதல்ல கழட்டிவிடுறது பேஸைத்தான்” என்றார். சொன்ன குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

கச்சேரி தொடங்கியது. மேடையில், டிரம்ஸ் தட்டுக்கு ஒரு முழம் தள்ளித்தான் மாஸ்டரின் இடம். வலதுகை இரண்டு விரல்கள் நடக்கின்றன. ஆனால் கவனிக்க வேண்டியது இடதுகையை. அழுத்தும் விரலைத் தவிர மற்ற விரல்கள் மீதிக் கம்பிகளின் மேல் சும்மா படுத்திருந்தன. வலதுகைக் கட்டைவிரல் ஐந்தாவது கம்பியை அணைத்தே இருந்தது. அணைக்காவிட்டால் பெட்டிகளின் அதிர்வுக்கே அந்தக் கம்பிகள் தாமாகப் பேச ஆரம்பித்துவிடுமாம். இரண்டாவது பாட்டு முடிந்ததும் மருமகனைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். “மேடை இன்னைக்குச் சுத்தமா இருக்கே” என்று டிரம்மரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. திரும்பி நிற்கிற பெட்டியை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

நாலாவது பாட்டில் விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு மிக்சரிடம் வந்தார். “ஏப்பா, பேஸ் பத்தலை! கூட்டுப்பா. அந்த ஒரு பெட்டி வேற ரிவர்ஸுல நிக்குது.”

மாமன் மருமகனைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. பையன் பணிவாக, “இந்தா கூட்டிட்டேண்ணே” என்று விரலை நகர்த்தினான். நான் எட்டிப் பார்த்தேன். அவன் ஏற்றியது கீழே இல்லை. எண்ணூறு அதிர்வுப் பக்கம், விரல் கம்பியைத் தட்டுகிற ‘டக்’ இருக்கிற இடத்தில். கிட்டார் சட்டென்று தெளிந்தது. “ஆங், இதான்!” என்று சொல்லிவிட்டுக் கமிட்டிக்காரர் திருப்தியோடு போனார்.

இது ஏமாற்று வேலை ஆகாது. கீழ்ச் சுரத்தின் மேலடுக்கு ஒலிகள் சரியாகக் கேட்டால், அடிச் சுரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். மாஸ்டர் இந்த வித்தையைக் கற்றதே அப்படித்தான். இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸை அவர் இளவயதில் பழகியது ஒற்றை ஸ்பீக்கர் டேப்ரிக்கார்டரில். அந்தக் கையகல ஸ்பீக்கர் 41 அதிர்வை எந்தக் காலத்திலும் கொடுத்திருக்காது. பாட்டின் மெட்டுக்கு அடியில் தனியாக இன்னொரு மெட்டு நடக்கிறதைக் காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்துப் பிடித்தேன் என்றார். அந்த வாசிப்பில் இறங்குகிற இடங்களை அவர் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிக்கிறார்.

பத்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு போலீஸ்காரர் வந்து கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு அரசு விரும்பினால் வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவுவரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்ற அளவும் அதில் உண்டு. ஆனால் அந்த அளவு ‘ஏ’ வகை டெசிபல். 50 அதிர்வு ஒலியில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் கணக்கெடுக்கும். கருவியில் முள் அசையாமல் பக்கத்துத் தெருவில் பாத்திரம் உருளும். பேஸுக்குச் சட்டம் காது கொடுக்கவில்லை என்பது என் கட்சி. மேடைக்குப் பின்னால் குடியிருப்பவர்களுக்குத் திரும்பி நின்ற அந்தப் பெட்டி செய்த உபகாரம் விதியைவிட அதிகம்.

கடைசிக் குத்துப்பாட்டை அவசரமாக முடித்தார்கள். பையன்கள் ஒயரை ஒரு சுற்று உள்ளே, ஒரு சுற்று வெளியே என்று மாற்றி மாற்றிச் சுருட்டினார்கள். இப்படிச் சுருட்டினால்தான் அடுத்த மேடையில் முறுக்கில்லாமல் ஓடும். மாஸ்டர் ஜாக்கைப் பிடுங்கி, கம்பிகளைத் துடைத்து, உறையில் போட்டுக்கொண்டு மருமகனிடம் வந்தார்.

“தம்பி, நாளைக்குக் கரூர் மண்டபம் எப்படி?”

“தகரக் கூரை மாஸ்டர். நாலு பக்கமும் சுவரு. கீழ போனீங்கன்னா வட்டமடிச்சுக்கிட்டே கிடக்கும்.”

“அப்ப அஞ்சு ஸ்ட்ரிங் வேணாம். நாலையே எடுத்துட்டு வரேன். அந்த டப்பாவை மறந்துடாதே” என்றார், டி.ஐ. பாக்ஸைக் காட்டி.