மேளக்காரனுக்குக் காவல்

போன மழைக்காலத்தில், திமிரியில் எங்கள் காலனி வீட்டுத் திண்ணையில், அப்பாவும் நானும் செல்போனில் ஒரு இங்கிலீஷ் படம் பார்த்தோம். லிவர்பூல் பாட்டுக்குழுவான பீட்டில்ஸ் நால்வரும் நடித்து 1965-ல் வந்த ‘ஹெல்ப்!’. ரிச்சர்ட் லெஸ்டர் எடுத்தது.

ஒரு கீழைநாட்டுக் கூட்டம் தன் தேவிக்கு நரபலி கொடுக்கிறது. தேவியின் பெயர் ‘கைலி’. காளியைத்தான் அப்படித் திரித்திருக்கிறார்கள். அப்பா தன் இடுப்புக் கைலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். பலி மோதிரம் யார் விரலில் இருக்கிறதோ அவன்தான் பலியாள். அது ரிங்கோ ஸ்டாரின் விரலில் மாட்டிக்கொண்டு கழல மறுக்கிறது. ரிங்கோ குழுவில் டிரம் அடிக்கிறவர்; லிவர்பூலின் டிங்கிள் என்னும் உழைப்பாளிகள் பகுதியில் பிறந்தவர்.

அந்தக் கூட்டத்தின் தலைவனாக வருகிறவர் முகத்தில் சாயம் பூசிய வெள்ளைக்காரர். சாமியைக் கேலி செய்துவிட்டான் என்று கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும். எனக்கு உறைத்தது வேறு. நாலு பேரில் மேளக்காரனைத்தான் பலிக்குத் தேடுகிறார்கள்.

சால்ஸ்பரி சமவெளியில் ஒரு காட்சி. குளிர்காற்றில் திறந்தவெளியில் பாடுகிறார்கள். அவர்களைக் காக்கப் பட்டாளத்து டாங்கிகள் சுற்றி நிற்கின்றன. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இன்னாடா இது, மோளம் அடிக்கிறவனுக்குப் பட்டாளமா காவலு?”

அப்பா தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் கூலியை விட்டுவிட்டு மேளத்தைத் தூக்கவேண்டும். அவர் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சும்போது நான் பக்கத்திலேயே இருப்பேன். ஒருமுறை சுண்ணாம்பில் கால் வெந்துபோய், வரமுடியாது என்று சொல்லியனுப்பினார். சாயங்காலமே ஆட்கள் வந்தார்கள். மேளத்தை மிதித்துக் கிழித்தார்கள். அப்பாவையும் அடித்தார்கள். ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

ரிங்கோவின் மோதிரம் கடைசியில் கழன்றுவிடுகிறது. அப்பாவின் மேளத்தை நானும் தம்பியும் சண்டை போட்டுத்தான் இறக்கினோம். இன்று அதே பறையை இயக்க மேடைகளில் நான் அடிக்கிறேன். கைதட்டுகிறார்கள். அப்பா ஒருநாளும் பார்க்க வந்ததில்லை.

பறையை விட்டொழிப்பதா, விடுதலைக் கருவியாக ஏந்துவதா என்று நாம் கூட்டம் கூட்டமாகப் பேசியிருக்கிறோம், தோழர்களே. அந்தக் கூட்டங்களில் நானும் நிறையப் பேசியவன்தான். அடிக்கிறவனுக்கு யார் காவல் என்று கேட்டது அப்பா மட்டும்தான்.