எதிர்முனையில் கேட்பது

பொம்மனஹள்ளியில், ஓசூர் சாலையை ஒட்டிய அறையிலிருந்து ஆய்வேடு எழுதுகிறேன். மேலே மெட்ரோ, கீழே லாரிகள். சிவகங்கைப் பக்கக் கண்மாய்ப் பாசனம் பற்றிக் களத்தில் விட்டுப்போன கேள்விகளைத் தொலைபேசியில்தான் கேட்கிறேன். அதற்கென்றே உதவித்தொகையில் பெரும்பகுதியைக் கொடுத்து, இரைச்சல் நீக்கும் உயர்விலை இயர்பட்ஸ் வாங்கினேன். என் காதில் சாலை அடங்கிற்று.

ஒரு மாதம் கழித்து, "லாரிச் சத்தந்தேன் கேக்குது தம்பி" என்றார் ஒரு பாட்டி. பழைய பதிவுகளை மறுபடி கேட்டேன். கேள்வி விளங்காமலே, மரியாதைக்காக அவர் சொன்ன 'ஆமா'க்களை என் தரவாக எழுதியிருந்தேன். அனைத்தையும் நீக்கினேன்.

இரைச்சல் நீக்கம் அணிபவரின் செவிக்கானது. எதிர்முனைக்கு நம் குரலைப் பிரித்தனுப்புவது ஒலிவாங்கிகளின் தனி வேலை. மேலும், வழக்கமான புளூடூத்தில் ஒலிவாங்கி திறந்ததும் இசைக்குரிய தரம் விலகிவிடும். ஒலி நொடிக்கு 16,000 மாதிரிகளாகவும், பழைய முறையில் 8,000 ஆகவும் குறையும்.

ஆகவே வாங்குமுன், நண்பரின் கருவியை இரவல் பெற்றுச் சாலையோரம் நின்று பேசுங்கள். மறுமுனையில் பதிவானதைக் கேட்டு முடிவெடுங்கள்.

இப்போது சன்னலைச் சாத்தி, கம்பியுள்ள ஒலிவாங்கியை வாயருகே வைத்துப் பேசுகிறேன். பாட்டி 'ஆமா' போடுவது குறைந்துவிட்டது. "அப்படியில்ல தம்பி" என்று திருத்துகிறார்.