யார் வரவில்லை என்று சொல்லும் பூட்டு

பூட்டுத் திருத்துகிறவனை வீட்டுக்குக் கூப்பிட்டால் பூட்டு பழுதாகிவிட்டது என்றுதான் ஊர் நினைக்கும். பாதி நாள் அப்படி இருக்காது. ஏதோ ஒரு சாமானைக் காணவில்லை. சங்கிலி, காப்பு, தலையணைக்குக் கீழே வைத்த ஐயாயிரம் ரூபாய்த் தாள், கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய போன். "கள்ளன் வந்திரிக்கான் தம்பி, எல்லாப் பூட்டையும் மாத்தணும், உடனே வாங்க" என்று அழைப்பு வரும். நான் கிழக்கிலங்கை வீரமுனைக்காரன். சம்மாந்துறை வீடுகள் என்றால் சைக்கிளிலேயே போய்விடுவேன். கல்முனை, சாய்ந்தமருது என்றால் காரைதீவுச் சந்தியைத் தாண்ட வேண்டும். அந்த ஓட்டத்தில் எனக்குள் ஓடுவது ஒரே கேள்விதான்: இந்த வீட்டில் இப்போது யாருடைய பெயர் அடிபட்டுக்கொண்டிருக்கும்?

ஏனென்றால் நான் போய்ச் சேருமுன்பே ஒரு பெயர் வந்திருக்கும். பெயின்ற் அடித்த பையன், தேங்காய் பறிக்க வந்தவர், சமையலுக்கு உதவும் பிள்ளை, சில வீடுகளில் மருமகன். பூட்டை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். ஆளைப் பார்த்திருப்பார்கள்.

என் முதல் வேலை பூட்டைக் கழற்றுவதல்ல, பார்ப்பது. ரோச் லைட்டைப் பூட்டுக்கு நேரே பிடிக்கக் கூடாது, பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கவேண்டும். நேர் வெளிச்சத்தில் கீறல் தெரியாது. பித்தளையில் விழுந்த புதுக்கீறல் மஞ்சளாக மின்னும். நாள்பட்டது மங்கி, இந்தக் கடல் காற்றில் தவிட்டு நிறமாகிவிடும். திறப்புத் துவாரத்தைச் சுற்றி இருக்கிற கீறல்களைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. இருட்டில் துவாரத்தைத் தேடித்தேடிக் குத்திய வீட்டுக்காரரின் கைவேலை அது. துவாரத்துக்கு உள்ளே, திறப்பு படாத இடத்தில் கோடு இருந்தால்தான் எனக்கு வயிறு கலங்கும். கம்பி விட்டுக் கிண்டினால் உள்ளிருக்கும் பின்களின் நுனியில் ஊசி கீறியதுபோல் நுண்ணிய தடம் விழும். பூட்டைக் கழற்றிப் பின்களை வெள்ளைத் துணியில் கொட்டி, பூதக்கண்ணாடியால் பார்த்தால் அது தெரியும்.

எங்கள் பக்கத்துக் கள்ளர் அவ்வளவு நுட்பமாக வேலை செய்வதில்லை என்பது வேறு விஷயம். ஓட்டைப் பிரிப்பார்கள், யன்னல் கம்பியை வளைப்பார்கள், கதவுக்கும் நிலைக்கும் நடுவே இரும்பை விட்டு நெம்புவார்கள். நெம்பினால் மரம் சொல்லும். நார் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது, நிலையில் தாழ் விழும் தகட்டின் ஆணி எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்த்தால் போதும். அப்படி ஏதும் கண்டால் நான் அதற்குமேல் கை வைப்பதில்லை. பொலிஸில் முறைப்பாடு எழுதிவிட்டு அவர்கள் வந்து பார்க்கும்வரை கதவைத் துடைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். எங்கள் வீடுகளில் களவு போனால் முதலில் நடப்பது கூட்டிக் கழுவுவது. தடம் எல்லாம் வாளித் தண்ணீரோடு முற்றத்துக்குப் போய்விடும்.

அடுத்தது திறப்பு. களவுத் திறப்பு வெட்டக் கொண்டுபோயிருந்தால் அசல் திறப்பிலேயே அடையாளம் கிடைக்கும். சவர்க்காரத்தில் அழுத்தி அச்செடுத்திருந்தால் பல்லின் இடுக்கில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியிருக்கும். எவ்வளவு துடைத்தாலும் மூலையில் மிச்சம் இருக்கும். மெஷினில் வெட்டியிருந்தால் அசல் திறப்பின் இரு பக்கமும் இடுக்கி கடித்த தடம் இருக்கும், பல்லின் ஓரத்தில் தடவிப்போன மெல்லிய கோடு இருக்கும். "இதுக்கு எப்பயாவது கொப்பி வெட்டினீங்களா ராத்தா?" என்று கேட்பேன். "இல்லையே" என்று அவர் சொல்லும்போது பின்னால் நிற்கும் யாராவது தலையைக் குனிந்தால், அதை நான் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.

இத்தனையும் பார்த்தபிறகு பெரும்பாலான வீடுகளில் நான் சொல்வது ஒன்றுதான்: இந்தப் பூட்டை யாரும் உடைக்கவுமில்லை, கிண்டவுமில்லை. பூட்டால் அவ்வளவுதான் சொல்லமுடியும். யார் வரவில்லை என்று சொல்லும். யார் வந்தார் என்று சொல்லாது. வீட்டுக்காரருக்கு வேண்டியது இரண்டாவது. என் தொழில் முதலாவதோடு முடிகிறது.

தானாகவே சாட்சி சொல்லும் பூட்டு ஒன்றை ஒருவர் செய்திருக்கிறார். 1817இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல்துறையில் கள்ளத் திறப்புப் போட்டுக் களவெடுத்தார்கள். சொந்தத் திறப்பால் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டு வேண்டும் என்று அரசாங்கம் பரிசு அறிவித்தது. 1818இல் ஜெரமையா சப் என்பவர் செய்து கொடுத்தார். அதற்குள் இருந்த நெம்புத் தகடுகளில் ஒன்றை யாராவது கம்பி விட்டு அளவுக்கு மேல் தூக்கினால் ஒரு கொளுவி அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். மறுநாள் சொந்தக்காரர் தன் திறப்பைப் போட்டால் திரும்பாது. ஆகவே யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். சிறைக் கப்பலில் கைதியாக இருந்த பூட்டுத் தொழிலாளி ஒருவரிடம், இதைத் திறந்தால் விடுதலை, அதோடு 100 பவுண் என்றார்கள். மாதக்கணக்கில் முயன்றும் முடியவில்லை. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த ஹொப்ஸ் என்ற அமெரிக்கர் அரை மணித்தியாலத்துக்குள் திறந்துவிட்டார். திறந்தது பெரிய செய்தியாயிற்று. எனக்கு அதில் ஆச்சரியமில்லை, மனிதன் பூட்டியதை மனிதன் திறப்பான். கைவைத்ததைச் சொல்லிக்கொடுக்கும் பூட்டு என்ற யோசனைதான் எனக்குப் பெரிது. நாம் கடையில் வாங்குவதில் அது கிடையாது.

கடையில் வாங்கும் இரும்பு அலுமாரியின் பூட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மலிவான பூட்டுகளில் திறப்பு வகைகள் கொஞ்சம்தான் இருக்கும். ஒரே கடையில் அலுமாரி வாங்கிய இரண்டு வீடுகளுக்கு ஒரே திறப்பு அமைவது அதிசயமில்லை. அதைவிடப் பெரிய வேடிக்கை, பல பூட்டுகளின் முகத்திலேயே எண் பொறித்திருப்பது. அந்த எண்ணுக்கு ஒரே திறப்புத்தான். பார்த்துக் குறித்துக்கொண்டு போனவனுக்கு அச்சும் வேண்டாம், சவர்க்காரமும் வேண்டாம். எண்ணைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு, பூட்டிலிருப்பதை அரத்தால் தேய்த்துவிடுங்கள். பூட்டு இறுகினால் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். அது தூசியைப் பிடித்துப் பசையாக்கிவிடும். பென்சில் கரித்தூள் போதும்.

அலுமாரிக்குள்ளே இன்னொரு கள்ளன் இருக்கிறான், அவனை யாரும் சந்தேகிப்பதில்லை. உள் லாச்சியின் பின்பக்கத் தகடு பல அலுமாரிகளில் முழு உயரம் இருக்காது. லாச்சியை நிரம்ப அடைத்து இழுத்து மூடும்போது மேலே கிடக்கும் சின்னச் சாமான் பின்னால் தாவி விழுந்து அடித்தட்டில் போய்க் கிடக்கும். சம்மாந்துறையில் ஒரு மூத்தம்மா சங்கிலியைக் காணவில்லை என்று சாப்பாட்டையே விட்டிருந்தார். வேலைக்கு வந்த பிள்ளையை நிறுத்திவிட்டார்கள். மை போட்டுப் பார்த்தவர், களவெடுத்தது கறுத்த உயரமான ஆள் என்று சொல்லியிருந்தாராம். நான் லாச்சியை முழுதாக வெளியே இழுத்து, வயிற்றில் படுத்து, கையை உள்ளே விட்டேன். முதலில் ஒரு குழந்தையின் ஊசி போட்ட அட்டை, பிறகு இரண்டு ரூபாய்க் குற்றி, காய்ந்த மருதோன்றிப் பொட்டலம், கடைசியில் சங்கிலி. மூத்தம்மா சங்கிலியை வாங்கி முகர்ந்து பார்த்தார். "என்டதான்" என்றார். அந்தப் பிள்ளையை மறுபடி கூப்பிட்டார்களா என்று நான் கேட்டேன். அவள் வரமாட்டேன் என்றுவிட்டாளாம். வேறென்ன செய்வாள்?

எங்கள் கிழக்குக் கரையில் திறப்பு விஷயம் மற்ற இடங்களைவிடச் சிக்கல். தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனம். கலியாணம் செய்தவன் மனைவி வீட்டுக்கு வந்து இருப்பான். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் இளையவளுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டுவார்கள். வீடு கை மாறும், பூட்டு மாறாது. தாயின் இடுப்பில் ஒன்று, மூத்தவளிடம் ஒன்று, தம்பி பள்ளிக்கூடம் போன காலத்தில் வைத்திருந்தது ஒன்று, கட்டிய மேசன் திருப்பிக் கொடுக்க மறந்தது ஒன்று. "எத்தனை திறப்பு இருக்கு?" என்று கேட்டால் இரண்டு என்பார்கள். எண்ணத் தொடங்கினால் வீட்டில் சண்டை வரும். இதில் புது மாப்பிள்ளை பாவம். அவன் கையில் திறப்பே இராது, ஆனாலும் ஒன்று தொலைந்தால் புதிதாக வந்தவன் அவன்தான். புதுக் குடித்தனத்துக்குப் பாத்திரம் வாங்கும்போதே முன்கதவுக்கு உள்பூட்டையும் மாற்றுங்கள். கதவை மாற்றத் தேவையில்லை, உருளையை மட்டும் மாற்றலாம்.

பூட்டுக்குச் சொல்ல எதுவுமே இல்லாத காலங்களையும் இந்த மண் கண்டிருக்கிறது. 1990 ஓகஸ்ட் 12 அன்று எங்கள் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். போகும்போது பலர் கதவைப் பூட்டித் திறப்பை முடிந்துகொண்டு போனார்களாம். திரும்பி வந்தபோது கதவே இல்லை, நிலையும் இல்லை. 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் வேறு மாதிரி. இலங்கையில் மிக அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில், 10,000க்கும் மேல். சேற்றில் கிடந்த அலுமாரி யாருடையது என்றே தெரியாமல் ஆட்கள் நின்றார்கள். உப்புத் தண்ணீர் பட்ட இரும்புச் சுருள் ஒரு வாரம் தாங்காது. பித்தளைப் பாகம் நின்றுகொள்ளும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டுத் திறந்தால் உள்ளே நகையைவிட முதலில் தேடியது காணி உறுதியையும் அடையாள அட்டையையும்தான். திறப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று உரிமை கோருபவர் சொல்லவேண்டும், நாலு பேர் சாட்சி நிற்கவேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. இன்றும் ஆள் இல்லாத வீட்டைத் திறக்கச் சொன்னால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டுத்தான் கம்பியை எடுப்பேன்.

என் தொழிலில் ஆமைப்பூட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது 2011 ஓகஸ்டில். கிறீஸ் பூதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வீட்டுக்குள் வருகிறான், பெண்களைக் கீறுகிறான், பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறான் என்று மலைநாட்டிலிருந்து கரைவரை பேச்சு. நோன்பு மாதம். இரவுத் தொழுகைக்குப் போன ஆண்கள் பாதியில் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். தமிழ் ஊரிலும் முஸ்லிம் ஊரிலும் பொல்லோடு காவல். நான் பகலெல்லாம் கொண்டியும் தாழ்ப்பாளும் அடித்தேன். பூதம் வந்ததாகச் சொன்ன வீடுகளிலும் பார்த்தேன். நான் பார்த்த பூட்டுகளில் கைவைத்த அடையாளம் இல்லை. ஆட்கள் கண்டதாகச் சொன்னதைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் பயம் என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இரண்டு பேரைப் பூதமென்று சந்தேகித்து அடித்தே கொன்றார்கள். பொத்துவிலில் பொலிஸாரோடு மோதல், துப்பாக்கிச் சூடு. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். வேலைக்கு வந்த பிள்ளையை நிறுத்துகிற அதே அவசரம்தான், ஊரளவு பெரிதாகி.

2022 பொருளாதார நெருக்கடியில் மறுபடி பூட்டு விற்றது. காஸ் சிலிண்டருக்குச் சங்கிலி, தண்ணீர் மோட்டருக்குக் கூண்டு. அப்போதுதான் என் வேலையின் கடினமான பகுதியும் கூடிற்று. விலைவாசி ஏறியதும் நகை காணாமல் போவது கூடும். பூட்டு சுத்தம், திறப்பு சுத்தம், லாச்சிக்குப் பின்னாலும் ஒன்றுமில்லை. ஒரு வீட்டில் மேல்தட்டில் சேலை மடிப்புக்குள் ஒரு துண்டின் நுனி தெரிந்தது. வங்கி அடகுத் துண்டு, நிறத்தைக் கண்டாலே தெரியும். வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் நின்று கள்ளனைத் திட்டிக்கொண்டிருந்தார். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சேலையைத் தொடவில்லை. "பூட்டுல ஒரு பழுதும் இல்ல நானா, வெளியாள் வந்த அடையாளமும் இல்ல. ஆர்மேலயும் பழி போடாம ஒருக்கா ஆறுதலாத் தேடிப் பாருங்க" என்றேன். கூலி வாங்கவில்லை; வேலை செய்யவில்லையே. அறுவடை முடிந்த பிறகு சந்தையில் அந்த ராத்தாவைக் கண்டேன். "அது கிடைச்சிட்டு தம்பி, சாமானுக்குள்ளதான் இருந்திருக்கு" என்றார். நல்லது என்றேன். அறுவடைக்கும் சாமான் கிடைப்பதற்கும் எங்கள் பக்கத்தில் ஒரு தொடர்பு உண்டு.

இந்தத் தொழிலில் வாய் கூடினால் அரத்தை மூட்டை கட்டவேண்டியதுதான். எந்த வீட்டில் எந்தப் பூட்டு, எந்த அறையில் அலுமாரி என்று தெரிந்த ஆள் நான். களவு போனால் என் பெயரும் வரிசையில் இருக்கும் என்று தெரியும். அதனால் வெட்டிய திறப்புகளை எண்ணி வீட்டுக்காரரின் கையில் கொடுப்பேன். பிழைத்துப்போன வெட்டையும் இரண்டாக முறித்து அவர் முன்னாலேயே போடுவேன்.

ஆனாலும் கேட்பார்கள். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், தனியே இருக்கிற வயதானவர்கள். அண்மையில் சாய்ந்தமருதில் ஒரு உம்மா புதுப்பூட்டின் மூன்றாவது திறப்பை என் பக்கம் நீட்டினார்.

"ஒண்டு ஒங்களிட்ட இரிக்கட்டும் மகன். நான் உள்ளுக்கு விழுந்து கிடந்தா ஆரு துறக்கிற?"

"என்னட்ட வேணாம் உம்மா. பக்கத்து வீட்டுல சண்டையில்லாத ஆள் ஆரு?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார், யோசித்தார்.

"அப்படி ஒருத்தரும் இல்ல" என்றார். "அப்ப நீங்கதான் வந்து உடைக்கணும். அதுக்குக் காசு தரமாட்டன்."

சரி என்றேன்.