தூண்டில் ஈயத்துக்கு ஒரு பவுடர் சட்டை

எங்க சித்தப்பா தூத்துக்குடியில பாரை பிடிக்கப் போறப்ப ஈயக்குண்டு வச்ச ஜிக்கைத்தான் நம்புவார். பெயின்ட் அடிச்சா பாறையில நாலு தடவை உரசினதுமே உரிஞ்சிடும். அப்புறம் வெறும் ஈயத்தைத் தொட்ட கையோட சாப்பாடு! அதனாலதான் பவுடர் கோட்டிங்கில் இறங்கினேன். (பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்காதீங்க!)

ஒரு துண்டு பிவிசி குழாய். அடியில் காற்று நுழைஞ்சு பவுடர் நுழையாத காகிதம். அதுக்குக் கீழே மூடி போட்டு, மீன்தொட்டி பம்ப்போட டியூப். மேலே பவுடர். காற்று ஏறினதும் தூள் உப்பி, தண்ணி மாதிரி தளும்பும். சூடாக்கின ஈயத்தை ஒரு நொடி முக்கினா எல்லாப் பக்கமும் சமமா உருகி ஒட்டும். பிறகு அவனில் 180 டிகிரி, 20 நிமிஷம். ஈயம் 327 டிகிரியில்தான் உருகும், பயமில்லை. 1950-களில் ஜெர்மனியின் எர்வின் கெம்மர் உருவாக்கின உத்தி இது.

ரெண்டு எச்சரிக்கை: அம்மாவோட சமையல் அவன் பக்கமே போகாதீங்க. பறக்கிற தூள் தீப்பிடிக்கும், அதனால முகமூடி போட்டு, நெருப்பைத் தள்ளி வைங்க.

உறுத்துற பொருளை அடுக்கடுக்கா மூடுறது நம்ம முத்துச்சிப்பிக்குப் பழகின வேலை. ஆனா சிப்பி மூடினது முத்து. நான் மூடினது அதே ஈயம்தான். நரம்பு அறுந்தா மன்னார் வளைகுடா அடியிலதான் கிடக்கும். பூச்சு கையைக் காப்பாத்தும், கடலை இல்லை. அடுத்து டங்ஸ்டன் விலை விசாரிக்கணும். சித்தப்பா இப்பவே முறைக்கிறார்!