நடுக்களத்து ஆட்டக்காரர்

பெரம்பலூராயினும் அரியலூராயினும், மாலையில் பள்ளித் திடலில் கால்பந்தாடும் சிறுவருள் பலர் முன்வரிசையில் நிற்கவே விரும்புவர். பந்தை வலைக்குள் செலுத்தியவன் பெயரன்றோ ஊரில் உலவுகிறது! நடுக்களத்தில் நின்று, எதிரியின் காலிலிருந்து பந்தைக் கவர்ந்து, ஓசையின்றித் தன் தோழனுக்குத் தள்ளுகின்றவனை நினைப்பார் சிலரே. நேராமல் தடுக்கப்பட்ட கேட்டினைக் கணக்கிட ஏடு ஏது?

காங்கோ நாட்டுக் கின்ஷாசாவில் பிறந்த குளோது மக்கலேலே என்பார் அத்தகைய காவற்பணியில் தேர்ந்தவர். நாந்த், மார்சேய், வீகோ எனப் பல ஊர்களில் ஆடி, 2000ஆம் ஆண்டில் ரியல் மாட்ரிட் கழகத்தை அடைந்தார். ஊதியத்தை உயர்த்துமாறு அவர் வேண்டினார், கழகம் இசையவில்லை. 2003இல் அவர் இலண்டனின் செல்சி கழகத்துக்குச் சென்றார். அதன்பின் மூன்று பருவங்கள் மாட்ரிட் கழகத்துக்கு லீக் பட்டம் கிட்டவில்லை; செல்சியோ 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் அதனை வென்றது. மாட்ரிட் கழகத்தார் விலை மதிக்கத் தெரியாதவர் அல்லர். ஆயினும் இவர் விலையை அறிந்திலர்.

அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையில் கொள்ளிடம் ஓடுகிறது. அதன் மறுகரையிலுள்ள தஞ்சையைச் சேர்ந்தவர் காலியா குலோத்துங்கன். அவரும் நடுக்கள ஆட்டக்காரரே. அவர் பெயருக்குரிய சோழ மன்னன் இக்கரையிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்டவன். வேங்கி நாட்டிலிருந்து வந்து 1070இல் முடி சூடியவன். மன்னனுக்கு ஊர்விட்டு ஊர் வந்ததால் அரியணை கிடைத்தது. ஆட்டக்காரருக்கோ அதுவே பிழைப்பாயிற்று.

கால்பந்தையே தொழிலாகக் கொள்ள விரும்பிய தமிழ் இளைஞர் நெடுங்காலம் கொல்கத்தாவை நோக்கியே சென்றனர். குலோத்துங்கனும் அங்ஙனமே சென்று ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். அறியாத மொழி, மழையில் சேறாகும் திடல், வென்றால் தோளில் சுமந்து, தோற்றால் தூற்றும் பெருங்கூட்டம். இவற்றினிடையே ஓர் இளைஞன் நிலைபெறுதல் எளிதன்று.

2003ஆம் ஆண்டு ஆசியான் கழகங்களின் கோப்பைப் போட்டி ஜகார்த்தாவில் நடைபெற்றது. அதற்குச் சென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் குலோத்துங்கனும் ஒருவர். முதலாட்டத்திலேயே தாய்லாந்தின் பெக் டெரோ அணியிடம் அவ்வணி தோற்றது. ஜூலை 26இல் இறுதியாட்டத்தில் மீண்டும் அதே எதிரி. இம்முறை 3-1 என்ற கணக்கில் வெற்றி கிட்டியது. ஓகோரோ, பூட்டியா, ஆல்விட்டோ ஆகிய மூவரும் கோல் அடித்தனர். இன்றும் அவ்வெற்றியைப் பேசுவோர் அம்மூவர் பெயரையே முதலில் சொல்வர்.

பின்னர் மோகன் பகான், மும்பை, விவா கேரளா, பவானிப்பூர் எனக் கழகம் கழகமாக அவர் ஆடினார். ஒப்பந்தம் முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டும். புதிய ஊரில் புதிய தோழரின் கால்போக்கை முதலிலிருந்து கற்க வேண்டும். நடுக்களத்தில் நிற்பவனுக்கு இது பெருந்தொல்லை. முன்னும் பின்னும் உள்ள எல்லோரையும் அவன் அறிந்தாக வேண்டுமே!

இத்தனை ஊர்களைச் சுற்றியவர் இறுதியில் சொந்த ஊருக்கே திரும்பினார். 2018 ஜனவரித் திங்களில், பொங்கலையொட்டிய நாளொன்றில், தஞ்சையில் நேர்ந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு அகவை 40.